கடலைக்காட்டு மயில்

மயிலைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்றால் காட்டில் கடலை போடாத ஆளாகப் பார்த்துக் கேட்க வேண்டும். அருப்புக்கோட்டையில் மாடி வைத்த மெத்தை வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்கலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திருச்சுழி போகிறவர்களைக் கேட்கலாம். கடலை போட்டவனிடம் கேட்டால் முதலில் காறித் துப்புவான், அப்புறம்தான் வாயைத் திறப்பான். துப்பின கையோடு முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் செய்வான். சாமி வாகனமாச்சே. சாமி வாகனமாக இருந்தால் என்ன, அதற்கும் வயிறு என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது.

இந்த ரெண்டு கட்சியிலும் சேராத ஆள் ஒருத்தி உண்டென்றால் அது கனகலட்சுமிதான். கடலையும் போட்டாள், மயிலைப் பார்த்து வாயையும் பிளந்தாள். மல்லாங்கிணற்றுக்குக் கிழக்கே செவக்காடும் கரிசலும் கலந்து கிடக்கிற ஊர் அவளுக்கு. புருசன் பூமிநாதனுக்கு ஒரு கிணறு, அதைச் சுற்றி ரெண்டு ஏக்கர் செவக்காடு. ஒரே மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். மகள் புதுப் போன் வாங்கியபோது பழைய போன் தாய்க்கு வந்தது. பேசுவதற்கென்று கொடுத்த போன். கனகலட்சுமி அதில் பேசியது கொஞ்சம், படம் எடுத்ததுதான் கொள்ளை.

அவள் எடுப்பதெல்லாம் நிற்காத சாமான்கள். பருத்திப்பூ முதல் நாள் வெளிறின மஞ்சளாக இருந்து மறுநாள் சிவந்து சுருங்குமே, அந்தச் சிவப்பு ஏறுகிற நேரம். அறுகம்புல்லின் மேல் சிலந்தி நூலில் நின்ற பனி. சாயங்கால வெயில் கிணற்றுத் தண்ணீரில் பட்டு உள்சுவரில் நெளிகிற வெளிச்சம். “நிக்கிறத எதுக்கு எடுக்கணும், அது நாளைக்கும் நிக்கத்தான போகுது” என்பாள். எடுத்ததைத் தினம் ஒன்றாக ஸ்டேட்டஸில் வைப்பாள். வெறும் படமாக வைக்கமாட்டாள். படத்தின் மேலேயே வாய்க்கு வந்த ஒரு வரியையும் எழுதிவிடுவாள். விளக்கடியில் சிறகு உதிர்த்துக் கிடந்த ஈசலை எடுத்துவிட்டு, ‘பொறந்ததும் கல்யாணம், விடிஞ்சதும் எழவு’ என்று எழுதினாள். அதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

பக்கத்துக் காட்டுக்காரி ராஜேஸ்வரி, “மதினி, ஒங்க ஸ்டேட்டஸப் பாக்காம எனக்குப் பொழுதே விடிய மாட்டேங்குது” என்பாள். பூமிநாதன் இதையெல்லாம் குற்றமென்று சொன்னவனில்லை. கேலி பேசுவதோடு சரி. “கஞ்சி அடிப்பிடிச்சாக்கூட இவ ஒரு படம் எடுத்துட்டுத்தான் எறக்குவா” என்று ஆள்பேரிடம் சொல்லிச் சிரிப்பான். குணம் கெட்ட மனுசனில்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த வருசம் ஆடியில் ஒரு மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியது. கிணற்றிலும் தண்ணீர் கொஞ்சம் கண்ணைத் திறந்தது. இனி யோசிக்க என்ன இருக்கிறது, கடலை போட்டுவிட வேண்டியதுதான் என்று பூமிநாதன் இறங்கிவிட்டான். விதைக்கடலையைக் கையால்தான் உடைக்க வேண்டும். மிஷினில் கொடுத்தால் பருப்பு பிளந்துபோகும், பிளந்தது முளைக்காது. ராஜேஸ்வரியும் கனகலட்சுமியும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து உடைத்தார்கள். பெருவிரல் நகக்கண் வீங்கிச் சோற்றைப் பிசைய முடியவில்லை. பழைய சோற்றை அப்படியே அள்ளிக் குடித்துவிட்டு, சீனியவரைக்காய் வத்தலை இடது கையால் எடுத்துக் கடித்தார்கள். டிராக்டர் உழுதுபோக, பின்னாலேயே கலப்பை கீறின சால் பிடித்து ஒவ்வொரு பருப்பாகப் போட்டுப் போனார்கள்.

மயில்கள் மறுநாளே வந்துவிட்டன. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் காடாக மண்டிக் கிடக்கிறது, அதுதான் அவற்றுக்கு ஊர். கருக்கலில் கிளம்பி வரப்பேறி வந்து, போட்டவர்கள் போன அதே உழவுச் சாலைப் பிடித்து, போட்ட பருப்பை ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தன. கூலிக்கு ஆள் வைத்தால்கூட அவ்வளவு ஒழுங்காக எடுக்கமாட்டான். பூமிநாதன் பழைய சேலையைக் கிழித்துக் கம்பில் கட்டினான். தகர டப்பாவைத் தொங்கவிட்டான். வெயிலில் மினுக்கட்டும் என்று பழைய சி.டி.யைக் கோத்துக் கட்டினான். ஒரு நாள் மிரண்டன. மறுநாள் தலையைச் சாய்த்து முறைத்துப் பார்த்தன. அப்புறம் சேலை நிழலிலேயே நின்று தின்றன.

முளைக்காத இடத்தில் எல்லாம் மறுபடி ஊன்றினார்கள். அதற்கு விதை, வீட்டில் எண்ணெய்க்கு என்று எடுத்து வைத்திருந்த கடலை. அதுவும் தீர்ந்தது. மகளுக்குக் காலேஜில் கட்ட வேண்டியது இந்த வெள்ளாமையில்தான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். காட்டிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தான். தகரத்தைத் தட்டித் தட்டி அவன் கை காய்த்துப்போனது, மயில் மட்டும் காட்டை விட்டுப் போகவில்லை.

கனகலட்சுமிக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் கஞ்சி கொண்டுபோகிறபோதெல்லாம் போனையும் எடுத்துப் போனாள். ஆவணி பிறந்துவிட்டால் ஆண் மயிலுக்குத் தோகை உதிர ஆரம்பித்துவிடும், அப்புறம் அது வெறும் கோழிதான். உதிர்வதற்குள் விரித்தபடி ஒரு படம் கிடைத்துவிடாதா என்று அவளுக்கு ஏக்கம். அந்தக் கூட்டத்தில் ஆண் ஒன்றுதான், பேடைகள் நாலு. ஆணுக்கு இடப்பக்கத் தோகையில் ரெண்டு இறகு விழுந்து, பல் போன இடம் மாதிரி சந்து இருக்கும். ஊரில் யாருக்கும் இது தெரியாது, அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் விடிகிறபோதே மேற்கே கருகருவென்று மேகம். நாலு தூறல் போட்டு நின்றுவிட்டது. கிழக்கே மட்டும் மேகம் கிழிந்து, அந்தக் கிழிசல் வழியே மஞ்சளாக வெயில் வந்து காட்டில் விழுந்தது. கனகலட்சுமி கஞ்சி வாளியைக் கிணற்று மேட்டில் இறக்கி வைத்து நிமிர்ந்தால், வரப்பில் மயில் விரித்து நிற்கிறது. பின்னால் கறுப்பு, முன்னால் மஞ்சள். தோகைக் கண்ணெல்லாம் தூறல் துளி. அது உடம்பைச் சிலிர்க்கிறபோது துளிகள் வெயிலில் பொரிந்து தெறித்தன. அவள் வேப்பமரத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு எடுத்தாள்.

பின்னால் பூமிநாதன் வந்தான். கையில் கல். அவள் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு கையைத் தூக்கி, பொறுங்க என்று காட்டினாள். அவனும் பொறுத்தான். ஓங்கின கல்லோடு அப்படியே நின்றான். ஆண் ஆடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பேடைகள் நாலும் குனிந்த தலை நிமிராமல் சாலைக் கிண்டித் தின்றுகொண்டிருந்தன. அவள் படத்தில் அவை இல்லை. அவன் கண்ணில் அவை மட்டும்தான் இருந்தன.

மயில் தோகையை மடக்கிய பிறகு கேட்டான்.

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு. இந்தா பாருங்களேன், துளி தெறிக்கிறதுகூட விழுந்திருக்கு.”

அவன் பார்க்கவில்லை. கல்லை விட்டெறிந்தான். எல்லாம் குய்யோவென்று கத்திக்கொண்டு கண்மாய்ப் பக்கம் பறந்தன.

“நல்லாப் பாத்துக்கோ” என்றான். “விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்.”

கனகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பாமல் டேரா போட்டால் சொல்கிற வார்த்தை. மயிலுக்குச் சொன்னால் எவ்வளவு பொருத்தம். “ஒங்க விருந்தாளி எத்தன நாளாத் திங்கிறான், நீங்க இப்பத்தான் கணக்குச் சொல்றீக” என்றாள். அவன் சிரிக்கவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவள் மேட்டிலேயே உட்கார்ந்து படத்தின் மேல் எழுதினாள். ‘விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான், மயிலண்ணே.’

அருப்புக்கோட்டையில் இருக்கிற அவள் அண்ணன் மகன் மாரிசெல்வம் அதை எடுத்து எங்கெங்கோ போட்டுவிட்டான். மறுநாள் பார்த்தால் முன்பின் தெரியாதவர்களெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். கடவுளே வந்து எடுத்த படம் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அந்தக் கையைக் கும்பிட வேண்டும் என்று ஒருத்தர். எந்த ஊர், எந்தக் காடு என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாரிசெல்வம் பெருமையாக ஊர்ப் பேரையும் அத்தை பேரையும் சொன்னான். டீக்கடையில் பூமிநாதனைப் பார்த்து, “ஒன் வீட்டுக்காரி பெரிய ஆளாயிட்டாளேப்பா” என்றார்கள். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமல் ராஜேஸ்வரி ஓடிவந்தாள்.

“மதினி, ஒங்க கெழக்கு வரப்புல மயிலு விழுந்து கெடக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, அம்புட்டும்.”

“நாய் கடிச்சிருக்குமா?”

“நாய் கடிச்சா ரத்தம் இருக்குமே மதினி. வாயில நொரையில்ல இருக்கு.”

கனகலட்சுமி தலையை முடியக்கூட இல்லை, அப்படியே போனாள். பேடைகள் சாலுக்குள்ளேயே கால் நீட்டிக் கிடந்தன. ஆண் வரப்பேறித் தப்பிக்கப் பார்த்திருக்கிறது, ஏறுகிற இடத்திலேயே தலையை மண்ணில் குத்திக் கிடந்தது. இடப்பக்கத் தோகையில் அந்தச் சந்து. அவள் உட்கார்ந்து தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். இந்தப் பாவம் யாருடையது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பூமிநாதன் மடை திருப்பிக்கொண்டு நின்றான்.

“ஏங்க, மயிலு செத்துக் கெடக்கு.”

“தெரியும். இந்தப் பாத்தி பாஞ்சதும் பொதைக்கணும்னு இருக்கேன். நீ வீட்டுக்குப் போ.”

“மருந்து வச்சீகளா?”

அவன் ஒரு வெட்டு மண்ணை அள்ளி மடையில் போட்டு மிதித்தான்.

“ஒன்கிட்டச் சொல்லிட்டுத்தான வச்சேன்.”

“என்கிட்ட எப்பச் சொன்னீக?”

“இந்த மேட்டுல நின்னுதான சொன்னேன். விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்னு. நீ சிரிச்ச.”

“நீங்க வெளாட்டுக்குச் சொல்றீகன்னுல்ல நெனச்சேன்.”

“வெளாடுற நெலமையிலயா இருக்கோம்? ரெண்டாந்தடவ ஊனுனதையும் கிண்டிட்டு நிக்கிது. மூணாந்தடவ ஊனுறதுக்கு வெத ஒன் போனுக்குள்ளயா இருக்கு?”

“அதுக்காக? வாயில்லாச் சீவன். முருகன் வாகனம்.”

“முருகன் வந்து காவலுக்குப் படுத்தானா? நான்தான் படுத்தேன். அஞ்சு மயிலுக்கு ராச வாழ்வு, எனக்குக் கொசுக்கடி.”

“ஒரு வார்த்த வெவரமாச் சொல்லியிருந்தா நானும் வந்து இங்கன உக்காந்திருப்பேன்ல.”

“உக்காந்து? படம் எடுத்துக்கிட்டு இருந்திருப்ப.”

தண்ணீர் நுரைத்துக்கொண்டு சாலுக்குள் போனது. அவன்தான் மறுபடி பேசினான். இப்போது சத்தம் இறங்கியிருந்தது.

“நீ அத எழுதிப் போட்டதப் பாத்தேன். சரி, இவளுக்கும் வயித்தெரிச்சல்தான், இவளும் சம்மதிச்சுத்தான் போடுறான்னு நெனச்சேன். மறுநாள் சாயங்காலம்தான் அரிசியில மருந்தப் பெசஞ்சேன்.”

இதைக் கேட்டதும்தான் கனகலட்சுமி கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்ந்த வாழ்க்கையில் புருசனும் பெண்சாதியும் எவ்வளவோ பேசியிருப்பார்கள், அதில் பாதி பழமொழிதான். ஒரு பழமொழிக்கு ரெண்டு பேரும் ரெண்டு அர்த்தம் வைத்துக்கொண்டு இப்படி ஒரு காரியத்தில் போய் நிற்பார்கள் என்று யார் கண்டது.

பாத்தி பாய்ந்து முடியவில்லை. வெள்ளாடு மேய்க்க வந்த ஒருவன் அதற்குள் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். கனகலட்சுமி தன் படத்தை அழித்தாள். மாரிசெல்வம் போன் போட்டான்.

“அத்த, அந்தப் படத்த அழிச்சிருங்க.”

“அழிச்சிட்டேன்டா.”

“நீங்க அழிச்சு என்ன செய்ய. எல்லாரு போன்லயும் இருக்கே. மருந்து வைக்கப் போறேன்னு எழுதி வச்சுட்டே கொன்னுருக்காங்கன்னு போட்டுக்கிட்டு இருக்காங்க. நான்தான் அத்த ஊர்ப் பேரெல்லாம் சொல்லிட்டேன்.”

அவன் அழுதுவிட்டான். அந்தக் கையைக் கும்பிட வேண்டும் என்று எழுதினவர், அந்தக் கையை வெட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

வெயில் உச்சிக்கு வரும்போது வனத்துறை ஜீப் வந்தது. வனவர் சுப்புராஜ் தணிந்த குரல்காரர். கூட ஒரு பாரஸ்ட் கார்டு. ஊர் வரப்பெல்லாம் நின்றது. சுப்புராஜ் மயில்களைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, போனைத் திறந்து கனகலட்சுமியிடம் காட்டினார்.

“இது நீங்க எடுத்ததுதானம்மா?”

“நாந்தான் சார்.”

“நல்லா எடுத்திருக்கீங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்தோம். எழுத்தும் ஒங்களுதா?”

“ஆமா சார். பழமொழி சார் அது. தெனம் வந்து திங்கிதேன்னு கேலிக்கு எழுதுனது.”

“பழமொழின்னு எனக்குத் தெரியாதாம்மா? எங்க வீட்டுல மாமனார் நாலாம் நாள் தங்குனா எங்கம்மா சொல்லும். ஆனா இதுல மருந்துன்னு இருக்கு, மூணு நாள்னு இருக்கு. இங்கயும் மருந்துதான், மூணாம் நாள்தான். நான் என்னன்னு எழுதட்டும், நீங்களே சொல்லுங்க.”

“எறும்புக்கு வச்சோம் சார். வெதைய எறும்பு இழுக்குதுன்னு.”

கார்டு உறை மாட்டின கையை நீட்டினான். உள்ளங்கையில் நிறம் மாறின அரிசி.

“எறும்புக்கு எதுக்கும்மா கை கையா அரிசி?” என்றார் சுப்புராஜ். “இதப் பெசஞ்சது யாரு?”

பூமிநாதன் தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கனகலட்சுமி அவனைப் பார்த்தாள். உள்ளே போனால் எப்போது வெளியே வருவானோ. தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை, மகளுக்குக் கட்ட வழியில்லை. தன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.

“நாந்தான் சார் பெசஞ்சேன்.”

“எழுதுனதும் நீங்க, வச்சதும் நீங்க.” சுப்புராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “அப்ப நீங்கதான் வண்டில ஏறணும்.”

ராஜேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனகலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நாலு எட்டு வைத்துவிட்டாள்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்றான் பூமிநாதன். “அந்த வார்த்த என்னோடது. அவ வெளாட்டுன்னு நெனச்சு எழுதிட்டா.”

“வார்த்த ஒங்களுது. மருந்து?”

“வார்த்தையே என்னோடதுன்னுட்டேன். மருந்து மட்டும் ஊரானோடதா இருக்குமா?”

அதோடு விசாரணை முடிந்துபோனது. மூடி மறைக்க அவள் அடுக்கின பொய்யெல்லாம் அவன் ஒரு வாயில் சரிந்துவிட்டது. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சொல்லிவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் அது மட்டும்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது.

இனி நடைமுறை. மருந்து வைத்த இடத்தில் ஆள் நின்று மயிலை விரல் நீட்டிக் காட்ட வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும். கார்டின் போன் வெயிலில் சூடேறிக் கேமரா திறக்கமாட்டேன் என்றது. சுப்புராஜ் போனில் சார்ஜ் இல்லை. அவர் கனகலட்சுமி பக்கம் திரும்பினார். மனதில் எதையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை, வேலை முடிய வேண்டும் என்றுதான் கேட்டார்.

“நீங்களே எடுத்து எனக்கு அனுப்பிருங்கம்மா. ஒங்க கைக்கு நல்லா வரும்.”

பூமிநாதன் வரப்பில் போய் நின்றான். காலடியில் ஆண் மயில். செத்தும் அதன் கழுத்து வெயிலில் பச்சையும் நீலமுமாக மினுங்கிக்கொண்டுதான் கிடந்தது. அவன் விரலை நீட்டினான். கனகலட்சுமி போனைத் தூக்கினாள். மேகம், பூ, புழு, பூச்சி என்று கண்டதையெல்லாம் எடுத்திருக்கிறாள். புருசனை எடுப்பது இதுதான் முதல் தடவை. அது அவளுக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. உறைத்த கையோடு அழுத்தினாள்.

கார்டு எட்டிப் பார்த்தான். “ஆடிப்போச்சும்மா. மூஞ்சி தெரியல. இன்னொண்ணு எடுங்க.”

மறுபடி எடுத்தாள். அதுவும் ஆடியிருந்தது. ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. நீட்டின விரலை மடக்காமல் வெயிலில் நின்றிருந்த பூமிநாதன் அவளைப் பார்த்துச் சொன்னான்.

“கை ஆடாமப் பிடி, கனகு. மயிலுக்கு ஆடாமத்தான பிடிச்ச.”

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினாள். கார்டு போனை வாங்கி, விரலால் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது போதும்” என்றான்.